மூன்றாம் பிரிவு, ஏழாவது வரைவு

மூன்றாம் பிரிவிலேயே மாட்டிக்கொண்டேன்.
"ஆணையம்" என்று தொடங்கி
"இருக்கும்" என்று முடிகிறது.
நடுவில் ஒரு சொல்லுக்கு இடம் காலி.

அரபியில் சிக்கலில்லை, ஒரே சொல்.
தமிழில் சுதந்திரம் என்றால்
மிட்டாய் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.
தன்னாட்சி என்றால் கல்லூரி விளம்பரம்.
சார்பற்றது என்று எழுதினேன்.
ஜுஃபைரில், ஓட்டலின் ஒன்பதாம் மாடியில்,
சால்வை போர்த்திக்கொண்டு உட்காரும் குளிரில்
அது சரியாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை சல்மாபாத்.
டயர்க் கடைகளுக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கூடம்.
வரைவைப் படித்துக் காட்டி
கருத்துக் கேட்டு வரச் சொல்லியிருந்தார்கள்.
நாற்பது ஜூஸ் டப்பா கொண்டுபோனேன்.
வந்தது பதினொரு பேர்.
மற்றவர்களுக்கு அன்றும் ஓவர்டைம்.

சேவுகன் கிரேன் ஓட்டுகிறவர்.
ஒரு கிரேன், மூன்று ஷிஃப்ட், மூன்று ஆள்,
மூன்று பாஸ்போர்ட், மூன்று சம்பளம்.
"லிவருக்குத் தெரியுமா மேடம்,
பிடிக்கிறது எந்த நாட்டுக் கைன்னு?"
சொல்லிவிட்டுச் சிரித்தார்,
பல இடத்தில் சொல்லிப் பழகிய வாய்.

பிறகு சிரிக்காமல் கேட்டார்.
அந்த ஆபீஸ் எந்தக் கட்டடத்துல?
அமைச்சகத்துக்குள்ளன்னா வாசல்ல அட்டை காட்டணும்.
என் அட்டை கம்பெனி லாக்கர்ல.
பஸ் போகுமா?
உள்ள உட்கார்ந்திருக்கிறவருக்கு
சம்பளம் யார் போடுறது?
அவரைத் தூக்க ஒரு போன் போதுமா,
இல்ல, காரணம் எழுதணுமா?
புகார் கொடுத்த மறுநாள்
என்னை ஊருக்கு ஏத்திட்டா
அந்தப் புகார் இங்க இருக்குமா,
என்கூடவே பிளேன் ஏறிடுமா?

பக்கங்களைப் புரட்டினேன்.
பதினேழு. இருபத்திரண்டு. திரும்பவும் பதினேழு.
எல்லாவற்றுக்கும் ஒரு வாக்கியம் இருந்தது.
ஒவ்வொரு வாக்கியமும்
"இயன்றவரை" என்று தொடங்கியது.

கூடத்தைக் கழுவ வந்த புவனலோஜினி
துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு
அதுவரை கேட்டுக்கொண்டு நின்றாள்.
மட்டக்களப்புக்காரி.
"சார்பில்லாத ஆக்கள் எங்களுக்கு எதுக்கு அக்கா?
இஞ்ச எல்லாரும்
எங்களுக்குச் சார்பில்லாத ஆக்கள்தானே."

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஒருவர் ஸ்ட்ராவால் டப்பாவின் அடியை உறிஞ்சினார்,
அந்தச் சத்தம் மட்டும்.

இரவு, குதைபியாவில், ஏசித் தண்ணீர்
வாளியில் சொட்டிக்கொண்டிருக்க
அந்தச் சொல்லை அழித்தேன்.
"எவர் முன்னும் கைகட்டாது" என்று எழுதினேன்.
காலையில் ஒருங்கிணைப்பாளர் நிஸ்ரீன்
அர்த்தம் கேட்டுவிட்டு நல்லாயிருக்கிறது என்றார்.
ஆனால் சட்டத்தில் கை கால் எல்லாம் வராதாம்.
சார்பற்றது திரும்பி வந்து
தன் நாற்காலியில் உட்கார்ந்தது.

கடைசி நாள் சாயங்காலம்
கூலித்தாளை நீட்டினார்கள்.
ஒரே கண்ணாடிக் கூண்டு, ஒரே எட்டு மணி நேரம்,
ஒரே காதொலிக் கருவி.
பிரெஞ்சுக்கு நூற்று இருபது தினார்,
ஆங்கிலத்துக்குத் தொண்ணூறு.
தமிழ் கடைசி வரி. முப்பத்தைந்து.
அன்று காலையில்தான் ஐந்தாம் பிரிவை,
சம வேலைக்குச் சம ஊதியத்தை,
தொண்டை வறள மூன்று முறை சொல்லியிருந்தேன்.

கேட்டேன்.
"சந்தை விலை" என்றார் நிஸ்ரீன்.
அவர் பொய் சொல்லவில்லை.
இதை எங்கே போய்ச் சொல்வது என்று யோசித்தேன்.
சொல்ல வேண்டிய இடம்
இன்னும் ஏழாவது வரைவில்தான் இருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.
வாடகை எட்டாம் தேதி.

எட்டாவது வரைவு வந்தபோது
இயன்றவரை வருகிற இடத்திலெல்லாம் ஓரத்தில்
சேவுகன் கேட்டதை
அவர் கேட்டபடியே எழுதி அனுப்பினேன்.
அடியில், பென்சிலால்,
என்னுடையது ஒன்று.

போன வாரம் திரும்பி வந்தது.
ஒன்றுக்கு மட்டும்
பதில் எழுதியிருக்கிறார்கள்.
பஸ் போகாது.