பன்னிரண்டு மணி வரை

யூலை முதலாம் திகதி.
நாடு முழுவதும் விடியவே எழுந்து
சிவப்பு உடுத்திக்கொள்கிறது.
இங்கே, நியூஃபவுண்ட்லாந்தில்,
பொனவிஸ்டாக் குடாவின் ஓரத்து ஊரொன்றில்,
நானும் மௌலண்டும் நகரசபை பிக்கப்பில்
இரண்டு பெட்டிகளோடு வருகிறோம்.
ஒன்றில் நீல மலர்வளையம்.
மற்றதில் பலூன்கள்.
"அதைத் திறக்காதே" என்கிறான் மௌலண்ட்,
"பன்னிரண்டு மணி வரை."

புகார் இன்னும் கலையவில்லை.
கப்ளின் மீன்கள் கரையேறி
முட்டையிட்டுச் செத்த மணம்
தார் ரோட்டு வரை வந்திருக்கிறது.
பனிக்காலத்தில் தெருவுக்கு உப்புத் தூவுபவன் நான்.
கோடையில் புல் வெட்டுவேன்.
ஆண்டுக்கு ஒரு நாள் இந்தக் கயிறு.

அரைக்கம்பத்துக்கு ஒரு முறை இருக்கிறது.
கொடியை நேரே பாதியில் நிறுத்தக் கூடாது.
உச்சியைத் தொட்ட பிறகுதான்
கீழே இறக்க வேண்டும்.
முதல் ஆண்டு எனக்கு அது தெரியாது.
பாதியில் கட்டிவிட்டுத் திரும்பினேன்.
மௌலண்ட் ஏசவில்லை.
முடிச்சை அவிழ்த்தான்,
"திரும்ப இழு" என்றான்.

ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாறில்
இது கனடா இல்லை.
தபால்தலையில் கொட்மீன் அச்சடித்த
வேறொரு நாடு.
பிரான்சில் ஒரு சரிவு, காலை ஒன்பதேகால்.
எண்ணூறு பேர் எழுந்து நடந்தார்கள்.
முதுகில் தகர முக்கோணம் ஒன்று,
தம் பீரங்கிக்காரருக்கு அடையாளம் தெரியட்டும் என்று.
வெயில் பட்டதும்
அது எல்லோருக்கும் தெரிந்தது.
நாடியைத் தோளில் புதைத்துக்கொண்டு போனார்களாம்,
பனிப்புயலுக்குள் வீடு திரும்புகிறவர்கள் மாதிரி.
அரை மணித்தியாலம்.
மறுநாள் பெயர் கூப்பிட்டபோது
"உள்ளேன்" என்றவர்கள் அறுபத்தெட்டு.

முப்பத்துமூன்று ஆண்டு கழித்து
அந்த நாடு வாக்குப் போட்டுக் கனடாவுக்குள் போனது.
கனடாவின் பிறந்தநாளும் இதே திகதி.
யாரும் திட்டமிட்டதல்ல.
காலை, செத்தவர்களுக்கு.
மத்தியானத்துக்குப் பிறகு, கேக்குக்கு.

பதினொரு மணிக்கு ஊர் வந்தது. எண்பது பேர் இருக்கும்.
சட்டைகளில், மறவாதே என்று பெயர் வைத்த
சின்ன நீலப் பூ.
டொரீன் ஃபைஃபீல்டின் மகள், ஐந்து வயது,
கன்னத்தில் மேப்பிள் இலை வரைந்துகொண்டு வந்துவிட்டாள்.
தாய் அவசரமாகத் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து
அந்தக் கன்னத்தைச் சுற்றிக் கட்டினாள்,
பல்வலிக்காரிபோல நின்றது பிள்ளை.
எக்காளம் ஊதிய பையனுக்கு
மேல் சுரம் எட்டவில்லை.
கல்லில் மௌலண்ட் என்று மூன்று பெயர்கள்.
அவன் கல்லைப் பார்ப்பதில்லை,
கயிற்றைப் பார்க்கிறான்.

இரண்டு நிமிட மௌனம்.
தூரத்தில் யாரோ படகு எஞ்சினை நிறுத்த மறந்திருந்தார்கள்.
நான் வேறொரு திகதியை நினைத்தேன்.
அதற்குக் கம்பம் இல்லை. கல் இல்லை.
அன்று நான் வேலைக்குப் போவேன்,
மத்தியானம் சாப்பிட மாட்டேன்,
ஏனென்று யாரும் கேட்டதில்லை.
போன வருஷம் மட்டும் மௌலண்ட்
தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல்
பக்கத்தில் இருந்தான்.
அவனுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மலர்வளையம் வைத்தாயிற்று.
ஆனாலும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.
அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை,
மீன் விலை கதைத்துக்கொண்டு
கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.
நாட்காட்டியில் இல்லாத
இந்த நாற்பது நிமிடம்தான்
எனக்கு ஆண்டு முழுவதும் நினைவில் நிற்பது.

தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதியது.
கயிறு ஈரம். இழுத்தேன்.
கொடி மிச்சப் பாதியையும் ஏறியது.
டொரீன் துணியை அவிழ்த்தாள்.
இலையில் பாதி கன்னத்தில் இருந்தது,
பாதி துணியில்.
பிள்ளை அழத் தொடங்கியது.

மௌலண்ட் பெட்டியைத் திறந்து
ஒரு பலூனை ஊதினான்.
சிகரெட் நெஞ்சு, மூச்சுப் போதவில்லை.
என்னிடம் நீட்டினான்.
மீதியை நான் ஊதினேன்.
முடிச்சை அவன் போட்டான்.