கக்கெரு

கடைசிப் பேருந்தை நொஷிரோ பணிமனையில் விட்டு
வீடு வந்தேன்.
ஈரக் கோட்டை ஆணியில் மாட்டினேன்: கக்கெரு.
கதவைப் பூட்டினேன்: அதற்கும் கக்கெரு.
கெட்டிலை அடுப்பில் ஏற்றினாலும்,
கண்ணாடியை மூக்கில் ஏற்றினாலும்,
ஆறிய சோற்றில் சோயா சாற்றை ஊற்றினாலும்
எங்களுக்கு ஒரே சொல்.

காலை நாலே முக்காலுக்கு
விறைத்த எஞ்சினை உசுப்பியதும் அதுதான்.
பள்ளிக்கூட வளைவில் நரி குறுக்கே ஓட
பிரேக்கை மிதித்ததும் அதுதான்.
"படி வழுக்கும், பார்த்து" என்று
இறங்குகிறவர்களுக்குக் குரல் கொடுப்பதும்.
ஏழெட்டு ஐம்பத்தாறில்
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே நிற்பதும்.

இப்படி ஓர் ஆள் கிடைத்தால்
எங்கள் நகராட்சி
மற்ற எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

உனக்கு, கென்சாகு,
அது ஒரே வேலைக்குத்தான் உதவியது.
சைக்கிள் பந்தயத்தில் பணம் கட்டினாய்
(எழுத்து வேறு, ஓசை அதே).
அப்பாவின் படகை அடகு வைத்தும் கட்டினாய்.
பிறகு வாசலில் பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டே
"அக்கா, உனக்குத் தொந்தரவு" என்றாய்.

தொந்தரவை நாங்கள் கொடுப்பதில்லை.
அடுத்தவர் மேல் மாட்டிவிடுகிறோம்.
ஆறு வருடமாக என் தோளில் கிடக்கிறது,
இன்னும் காயவில்லை.

அன்று வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாய்.
இன்னொரு வினையின் வாலில் ஒட்டினால்
இந்தச் சொல்லுக்குத் தெம்பு போய்விடும்.
தொடங்கியது, முடியவில்லை,
அவ்வளவுதான் பொருள்.
கடித்து வைத்த ரொட்டி.
பேர் மட்டும் எழுதிய கடித உறை.
பனி அள்ளும் வண்டி இரைந்து போக
நீ மூடிக்கொண்ட வாய்.

உன் கோப்பை விளிம்பில் விண்டிருக்கிறது.
அதற்கும் இதே ஓசை, சிரிக்காதே.
விண்ட பக்கத்தைத் திருப்பிவைத்து
நான்தான் அதில் குடிக்கிறேன்.

அகிதா மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறாயாம்.
பணிமனை மினே பார்த்தாளாம்.
டீசல் ரசீதின் பின்னால்
உன் எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

தொலைபேசியில் அழைக்கவும் எங்களிடம் வேறு சொல் இல்லை.
அழைக்கத் தொடங்கி நிறுத்தினாலோ
சொல் தன் வாலிலேயே ஒட்டிக்கொள்ளும்:
கக்கெ கக்கெ.
திக்குகிற மாதிரி இருக்கும்.

பதினொன்றில் ஏழு எண் அழுத்தியாயிற்று.
கெட்டில் கத்துகிறது.
கத்தட்டும்.