நான்கு மணித்தியாலம்

குவைத்திலிருந்து ஞானமலர் அனுப்பிய பெட்டியில்
பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே
துவாயில் சுற்றிக் கிடந்தது அந்தப் போத்தல்.
சிவப்பு மூடி. ஆட்டினால் கிலுகிலுக்கும்
நூற்றிருபது குளிசை.
"இரும்பு இருக்கு, கல்சியம் இருக்கு,
விற்றமின் ஏயிலிருந்து ஈ வரைக்கும் இருக்கு,
குடிக்கா, எலும்பாத் தேஞ்சு போயிட்டே"
என்றாள் போனில்.
அவளுக்குப் பின்னால் யாருடையதோ ஒரு குழந்தை
அரபியில் அழுதுகொண்டிருந்தது.

எனக்குக் காலையில் ஏற்கெனவே ஒன்று உண்டு.
கழுத்துக்குள் இருக்கிற சுரப்பி
வேலைநிறுத்தம் தொடங்கி ஆறு வருஷம்.
அது செய்யாத வேலையைச் செய்ய
மிளகு அளவில் வெள்ளையாய் ஒன்றை
ஆஸ்பத்திரி கொடுக்கிறது.

ஐந்து மணிக்கு எழும்பி
இரண்டையும் ஒரே உள்ளங்கையில் போட்டு
சாயத்தண்ணியோடு ஒரே மடக்கு.
பிறகு கூடையைக் கொழுவிக்கொண்டு பெரட்டுக்கு ஓட்டம்.
ஒரு வேலையை இரண்டு தரம் செய்வானேன்?

மூன்று மாதம்.
முடி சீப்போடு வந்தது.
ஏழாம் நம்பர் மலையில் மற்றவர்கள் நிரை முடிக்க
கையில் பறித்த கொழுந்தோடு
நின்றபடியே தூங்கினேன்.
குரல் தடித்துப்போய்
கொழும்பிலிருந்து எடுத்த மகன்
"யாரு பேசுறது?" என்றான்.
சத்து பத்தவில்லை என்று நினைத்து
சிவப்பு மூடியை இரண்டாக்கினேன்.

டிக்கோயா கிளினிக்கில்
இரத்த ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் டொக்டர்.
போன தடவை மூன்று. இப்போது பதினான்கு.
ஒழுங்கா எடுக்கிறீங்களா?
ஒரு நாளும் விட்டதில்லை ஐயா.
அது பொய்யில்லை.
கூட்டி எழுதினார் கொப்பியில்.

மருந்து ஜன்னலில் ஃபரீனா மிஸ்
அந்தப் புது எண்ணில் விரலை வைத்து நின்றாள்.
எனக்குப் பின்னால் முப்பது பேர்,
முப்பது குடையும் ஒழுகிற தண்ணீர்.
"இதோட வேற என்ன குடிக்கிறீங்க?"
ஒண்ணுமில்ல மிஸ்.
"வேற மருந்து?"
இல்ல.
"கசாயம்? சத்துக் குளிசை? வெளிநாட்டுலருந்து வந்தது?"
அது மருந்தில்லையே மிஸ். சத்துதானே.

கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டாள்.
வரிசை முணுமுணுத்தது.
"அந்த இரும்பும் கல்சியமும்
வயித்துக்குள்ளயே இதைக் கட்டிப் புடிச்சுக்கும்.
ரத்தத்துக்குப் போகவிடாது."
எனக்குத் தெரிந்த கணக்கில் கேட்டேன்:
கிலோ குறைஞ்சா அரைப்பேர் விழுமே, அப்பிடியா?
கொஞ்சம் யோசித்தாள்.
"ஆமா. வேலைக்கு வந்திருக்கு. பேருதான் அரை."

டொக்டரிடம் திரும்பிப் போனோம், அவள் முன்னால்.
புது எண் வெட்டுப்பட்டது, பழைய எண் மீண்டது.
விடியலில் வெறும் வயிற்றில் வெள்ளை மட்டும்,
பச்சைத் தண்ணீரில்.
சாயத்தண்ணி அரை மணி பொறுக்கட்டும்.
சிவப்பு மூடி நான்கு மணித்தியாலம் கழித்து,
பகல் சோற்றோடு, ஒன்றே ஒன்று.
அதற்குப் பக்கத்திலும் தேத்தண்ணி வேண்டாமாம்,
இரும்பை அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.
சிரித்துவிட்டேன்.
இருபத்தியொரு வருஷமாய் நான் பறிக்கிறேன் மிஸ்,
அதுக்கும் என்கிட்ட பாக்கி வசூலா?
"ஆறு கிழமையில ரத்தம் பார்ப்போம்" என்றாள்,
"அந்தப் போத்தலையும் எடுத்துட்டு வாங்க."

இப்போது பகல் கொழுந்து நிறுத்த பிறகு
மண்மேட்டில் உட்கார்ந்து
ரொட்டிக்கும் சம்பலுக்கும் இடையில்
முந்தானை முடிச்சை அவிழ்க்கிறேன்.
அட்டை ஏறிய காலைச் சொறிந்தபடி
பக்கத்து நிரைக்காரி கேட்கிறாள், "என்னடி மிட்டாயா?"

நேற்று ஞானமலர் எடுத்தாள்.
"போத்தல் முடிஞ்சிருக்குமே, அடுத்தது அனுப்பவா?"
வேணாம், இன்னும் பாதிக்கு மேல இருக்கு.
சரி, நீ சொல்லு.
அங்க நீ என்னென்ன குடிக்கிறே?
"நானா? ஒண்ணுமில்லையே."
தலைவலிக்கு? தூக்கத்துக்கு?
மேடம் குடுக்கிறது ஏதாவது?

கொஞ்ச நேரம்
அந்தக் குழந்தையின் சத்தம் மட்டும் கேட்டது.