வினைச்சொல்

எங்கள் ஊரில்
பந்தை ஒருத்தியின் கால்களுக்கிடையே உருட்டிவிட்டு
அந்தப் பக்கம் போய் எடுத்தால்
அவளுக்குப் பேனா கொடுத்தாய் என்பார்கள்.
தலைக்கு மேல் தூக்கிப் போட்டால், தொப்பி.
பேனாவும் தொப்பியும் வாங்கியவள்
வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போவாள்.

கோல்கீப்பர் கையிலிருந்து
எளிய பந்து நழுவினால் அது கோழி.

பிரேசிலின் தெற்கே, கொங்கோர்டியாவின் கோழி ஆலையில்
ஜாந்திரா எனக்கு அடுத்து நிற்பவள்.
கொக்கிகளில் தலைகீழாய் நகர்ந்து வருபவற்றின்
தொடையை வெட்டுகிறோம்,
நிமிடத்துக்கு இருபத்தெட்டு.
குளிரில் விரல் மரத்தாலும்
ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை.

ஞாயிறு. மழை விட்ட மைதானம்.
எழுபத்தோராவது நிமிடம்
தபால்காரர் கடிதம் நீட்டுவதுபோல் வந்த பந்து
அவள் கையுறையில் ஏறி, தோளில் உட்கார்ந்து,
யோசித்து,
முதுகு வழியே இறங்கிக் கோட்டைத் தாண்டியது.

கணுக்கால் சுளுக்கி வெளியே உட்கார்ந்திருந்தவள்
அதைப் போனில் எடுத்தேன்.
அன்றிரவே ஏற்றினேன்.
பெயரைப் போட்டு, கீழே ஒரே சொல்:
செத்தேன்.

சிரித்தேன் என்று பொருள்.
விடிவதற்குள் நாற்பதாயிரம் பேர் செத்திருந்தார்கள்.
ஒருவன் மண்டையோடு போட்டான், அதுவும் சிரிப்புதான்.
நடுக்கடலில் எண்ணெய் மேடையில் வேலை செய்யும்
அவள் அண்ணன் மட்டும்
பதறிப்போய்க் கூப்பிட்டான்:
யாரு செத்தது?

பிறகு, இரவெல்லாம் போனில் சுட்டு விளையாடும் பையன்கள்
அவள் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.
கைக்கு வந்த வெற்றியைக் கீழே போட்டவன்
ஜாந்திரித்தான்.
நீ ஜாந்திரிக்கிறாய்.
கணக்குப் பரீட்சையில் நாங்கள் எல்லோருமே ஜாந்திரிப்போம்.
முக்காலத்திலும் மூவிடத்திலும்
தைத்து வைத்ததுபோல் பொருந்தியது.

மூன்றாம் வாரம் ஆலைக் கேன்டீனில்
புதிதாய்ச் சேர்ந்த ஒரு பெண்
காபியைத் தன் மடியிலேயே கொட்டிக்கொண்டு
ஐயோ, ஜாந்திரிச்சிட்டேன் என்றாள்.
எதிரே இருந்தவள் எழுந்து
துடைக்கத் துணி கொடுத்தாள்.
அவளுடைய பெயர் அட்டை
ஏப்ரனுக்குள் திரும்பிக் கிடந்தது.

வரிசைக்குப் போகும்போது கேட்டாள்:
உன் போன் கேமராவில் ஒரு கீறல் இருக்கே,
முடி விழுந்த மாதிரி,
இடது மூலையில்?

பெயர் அவளுடையதுதான்.
வினை யாருடையது என்று
அதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

மணி அடித்தது. கொக்கிகள் நகர்ந்தன.
நான் வெட்டவேண்டிய முதல் கோழி
என்னைத் தாண்டிப் போனது.
தலையைத் திருப்பாமல்
அதையும் அவளே வெட்டினாள்.