முளைத்த காலுறை

என் இடக்கால் காலுறையை
மண்ணில் நட்டேன்.
சிரிக்காதே! முழுக்கதையும் கேள்.

எங்கள் நரீனில் மலை அதிகம்,
குதிரை அதிகம், காற்று ரொம்ப அதிகம்.
ஓடிப்போன குதிரைக்குட்டியைத் தேடி
ஓடினோம் புல்வெளியில்,
நானும் தம்பி தெமிர்பெக்கும்.
குட்டி தானாக வீடு வந்துவிட்டது.
என் கம்பளிக் காலுறை நெடுக
முள்ளு முள்ளாய்,
பொட்டுப் பொட்டாய் என்னென்னவோ!

பிய்த்தேன், வரவில்லை.
இழுத்தேன், நூல்தான் வந்தது.
ஒவ்வொரு முள்நுனியிலும்
தூண்டில்போலக் குட்டிக் கொக்கி.
“டிக்கெட் வாங்காமல்
உன் காலில் ஏறி வந்திருக்கு விதை”
என்றான் தம்பி.

ஓட்டைத் தகரத் தொட்டியில்
காலுறையைப் படுக்க வைத்து
மண்ணைப் போர்த்தினேன்.
பனி பெய்தது.
பனிமேல் பனி பெய்தது.
“பாவம், குளிருமே!
உன் காலுறைக்கு ஒரு காலுறை பின்னட்டுமா?”
என்றாள் அம்மா.
(சில விதைக்குக் குளிரடித்தால்தான்
தூக்கம் கலையும்.
அது அப்போது எங்களுக்குத் தெரியாது.)

பனி உருகிச் சொட்டியது.
விதை குடித்தது, உப்பியது,
பட்டென்று தோல் வெடித்தது.
முதலில் வந்தது இலை இல்லை, வேர்!
வெள்ளை நூலாய்க் கீழே, கீழே.
எனக்கெப்படித் தெரியும் என்கிறாயா?
பொறுக்காமல் ஒன்றைத் தோண்டிவிட்டேன்.
அது மட்டும் பிழைக்கவில்லை.
மன்னித்துவிடு, விதையே.

குதிகாலில் ஒற்றை ஊசியாய்ப் புல்.
விரல்பக்கம் இரண்டு இலை விரித்து
இன்னொரு செடி.
வெயிலைப் பிடித்துச் சோறாக்கி
கழுதைக் காதாய் வளர்ந்தது இலை.
பூ?
கோடை முழுக்கக் காத்தேன். இல்லை.
மறுபடி பனி. இலை கருகியது.
வேர் மட்டும் கீழே
சேர்த்துவைத்த சோற்றோடு இருந்தது.

அடுத்த கோடை!
என் தோள்வரை தண்டு,
தலையெல்லாம் ஊதாப் பூ.
தேனுக்கு வந்த தேனீ
மகரந்தத் தூளை மேலெல்லாம் பூசிக்கொண்டு
அடுத்த பூவில் உதிர்த்துப் போனது.
பூ வாடியது.
வாடிய இடத்தில் விதை.
விதையைச் சுற்றி...
அதே கொக்கி!

எங்கள் நாய் அக்தோஷ்
செடியை உரசிக்கொண்டு நடந்தது.
வாலில் ஆறு உருண்டை.
“பிய்த்துவிடவா?” என்றான் தம்பி.
“விடு, ஊருக்குப் போகட்டும்.”

ஜோடியில்லாத வலக்கால் காலுறை
இன்னும் என்னிடம் இருக்கிறது.
நாளைக்கு அதைப் போட்டுக்கொண்டு
ஆற்றங்கரைப் பக்கம் ஓடப்போகிறேன்.