இரண்டு விசில்

முப்பத்தொன்பது வயதில்
எனக்குக் குரல் பயிற்சி கொடுத்தார்கள்.
"சிரிச்சுக்கிட்டே பேசுங்க,
சிரிப்பு அந்தப் பக்கம் கேட்கும்."
பதினாறு வருஷம்
கோத்தகிரி - சோலூர்மட்டம் மினி பஸ் படியில் நின்று
"உள்ளே போ, உள்ளே போ,
நடுவுல பந்து விளையாடலாம்" என்று கத்திய தொண்டை.
பயிற்சி தர வந்த பையன்
ஹெட்செட்டைக் கழற்றிக் காதைத் தடவிக்கொண்டான்.

முழங்கால் போனது.
தேவதாஸ் முதலாளி வண்டியை விற்றார்.
இரண்டும் ஒரே மாதம்.
எது முதலில் என்று கேட்டால்
ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன்.

காரட் மண்டிக்கு மேல் மாடியில் கம்பெனி.
நாங்கள் செய்யாத, விற்காத,
எங்கள் யார் வீட்டிலும் இல்லாத ஏசிகளுக்கு
நாங்கள்தான் பொறுப்பு.
வேலூரில் நூற்றெட்டு டிகிரி.
"மூணு நாளா தூக்கமில்ல சார்."
ஸ்வெட்டருக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு
"உங்க சிரமம் எனக்குப் புரியுது" என்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே மஞ்சு ஏறி
எதிர்க் கடையின் பெயர்ப் பலகையைத் தின்றுகொண்டிருக்கும்.

பெயர் கேட்பார்கள். ஹாலன் என்பேன்.
எங்கள் ஹட்டியில் நாலு ஹாலன்.
அவர்கள் காதில் அது ஆலன்.
"ஆலன் சார், வெளிநாட்டுல இருந்தா பேசுறீங்க?"
இல்லைங்க,
மேட்டுப்பாளையத்துக்குக் கொஞ்சம் மேலே.

இங்கேயும் டிக்கெட் என்றுதான் சொல்கிறார்கள்.
முதல் வாரம் கை தானாகத் தோள்பையைத் தேடியது.
அங்கே கிழித்துக் கொடுத்தால் தீர்ந்தது.
இங்கே திறந்ததை மூட வேண்டும்,
அதுவும் இருபத்துநாலு மணி நேரத்துக்குள்.

இரண்டாம் வருஷம் டீம் லீடர் ஆக்கினார்கள்.
பன்னிரண்டு பேர், ஒரு சுழல் நாற்காலி,
பூட்டே இல்லாத அலமாரிக்கு ஒரு சாவி.
இப்போது பேசுவது என் வேலையில்லை.
பேசியதைக் கேட்பது.
பெயர் சொன்னாளா, மன்னிப்பு கேட்டாளா,
வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாளா.
ஆறு நொடிக்கு மேல் மௌனமாக இருந்தால்
பத்து மதிப்பெண் கழிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, யோகராணியின் பதிவு.
காட்பாடி. குப்புராஜ். வருஷச் சந்தா பாக்கி.
"அந்த ரூம்ல படுக்க இப்ப ஆள் இல்லம்மா.
இருந்தாலும் கட்டணுமா?"

யோகராணி ஒன்றும் சொல்லவில்லை.
ஏழு. எட்டு.
அந்த வீட்டில் மின்விசிறி ஓடும் சத்தம்.
அவர் எச்சில் விழுங்குவது.
பதினொன்றில்தான் "வேணாங்கய்யா" என்றாள்.
திரும்பப் போட்டேன்.
மறுபடியும் போட்டேன்.

பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து.
இரண்டு என்றால் போகலாம்.
கைக்குழந்தை, கோணிமூட்டை, மழையில் வழுக்கும் படி.
இரண்டாவது விசிலுக்கு இத்தனை நொடி என்று
எந்த முதலாளியும் எனக்குக் கணக்கு சொன்னதில்லை.

குறிப்பு எழுதும் கட்டத்தில் எழுதினேன்:
ஆள் இறங்க வண்டி நின்றது. கழிக்கவில்லை.

நாலு மணிக்குச் சென்னையிலிருந்து பதில்:
குறிப்பு புரியவில்லை. பத்து கழிக்கவும்.

கழித்தேன்.
தொண்ணூற்றிரண்டு எண்பத்திரண்டானது.
எண்பத்தைந்துக்கு மேல்தான் ஊக்கத்தொகை.
யோகராணி திரையைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.
அடுத்த அழைப்பை எடுத்தாள்.
"வணக்கம், நான் யோகராணி."
நாலு நாற்காலி தள்ளி
எனக்கே கேட்டது அந்தச் சிரிப்பு.

ஏழரைக்குக் கடைசி வண்டி.
அதே பழைய வண்டிதான், பெயிண்ட் மட்டும் புதுசு.
கண்டக்டர் மீசை முளைக்கும் பையன்.
டிக்கெட் வாங்கினேன், சரியான சில்லறை கொடுத்து.
என் நிறுத்தத்தில்
வலது கால் இன்னும் படியில்,
இடது கால் இருட்டில் தரையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே
இரண்டு விசில்.