விசாரணையில் உள்ளது ஐயா

பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.
ரைட்டர் அறைக்குப் பின்னால்,
பறிமுதலான மணல் வண்டியின் ஒற்றைச் சக்கரம்
சாத்திவைத்த சன்னலோரம்.
குடந்தைக் காவல் என்று வெளியே பெயர்.
உள்ளே இருப்பது
இரண்டாம் நிலைக் காவலர் தையல்நாயகி,
சார்ஜ் நிற்காத ஒரு போன்.

தலைக்கவசம் உயிர்க்கவசம் என்று போட்டேன்.
பதினோரு லைக். ஒன்பது எங்கள் ஆட்கள்.
அதன் கீழே தியாகசுந்தரம்:
"என் வண்டி என்னாச்சு?"

மகாமகக் குளத்தருகே கிடைத்த
ஒற்றைக் கொலுசைப் படமெடுத்துப் போட்டேன்.
நான்கு பேர் தங்களுடையது என்றார்கள்.
ஐந்தாவதாக அவர்:
"கொலுசு கிடைக்குது. வண்டி?"

ஓடிபி யாருக்கும் சொல்லாதீர் என்றால்
"சொல்லல. வண்டி?"
இன்ஸ்பெக்டர் பிறந்தநாளுக்கும்
"வாழ்த்துகள் சார். டிஎன் 68, சிவப்பு,
பின்சீட் கிழிஞ்சிருக்கும்."

பிளாக் பண்ணித் தொலை என்றார் ஏட்டு.
விரல் அந்த இடம் வரைக்கும் போனது.
மார்கழியில் அந்த மனு ரசீதை
எழுதியது என் கை.

சித்திரையில் அரசலாற்றைத் தூர்வாரினார்கள்.
ஜேசிபியின் பல்லில்
ஆகாயத்தாமரையோடு தொங்கி வந்தது
கொஞ்சம் சிவப்பு.
நம்பர் பிளேட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன்.
படம் போட்டேன். ஆயிரத்து எழுநூறு லைக்.
சபாஷ் போலீஸ் என்று ஷார்ஜாவிலிருந்து ஒருவர்.
தியாகசுந்தரத்தை மட்டும் காணோம்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கே வந்தார்.
நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள்.
வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.
பெட்ரோல் மூடியைத் திருகிச் சாய்த்தார்:
சேறு, ஒரு நத்தை.

"அதுல எழுதறது நீங்கதானா?"
தலையாட்டினேன்.
"விசாரணையில் உள்ளது ஐயான்னு
நாப்பது தடவை போட்டீங்க.
தாலுகா ஆபீஸ், பேங்க், இன்சூரன்ஸ்,
எவனும் எனக்கு ஒரு தடவைகூடப்
பதில் போட்டதில்ல."
சைடு மிரரை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்.

நேற்று எழுதினேன்:
ஆற்றில் தண்ணீர் வருகிறது.
படித்துறையில் செல்ஃபி எடுக்காதீர்.
பிள்ளைகளைத் தனியே விடாதீர்.
முதல் ஆள் அவர்தான்:
"கடைமடைக்கு எப்ப வரும்?"

அது எங்கள் எல்லைக்குள் வராது ஐயா
என்று அடித்தேன்.
அழித்தேன்.
சார்ஜ் ஏழு சதவீதம்.

விசாரித்துச் சொல்கிறேன் ஐயா.